பனியைத் துழாவியவன்

முதல் பனிச்சறுக்கு வகுப்பிலேயே டீச்சர் மர்யா என்னைப் பார்த்துக் கத்திவிட்டாள்.

கத்தினாள் என்றால் நம் பக்கத்துக் கத்தல் இல்லை. அந்த ஊரில் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ‘தடத்துக்குள் நில், தடத்துக்குள் போ, தடத்துக்கு வெளியே உனக்கு என்ன வேலை’ என்று எனக்குப் புரிகிற எளிய இங்கிலீஷில், கையுறை போட்ட விரலால் பனியைக் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

பனியில் இரண்டு பள்ளக் கோடுகள். ஒரு வண்டி அழுத்திக்கொண்டே போய்ப் போட்டவை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தொடங்கி, இணையாக ஓடி, பைன் மரங்களுக்குள் போய் மறையும். காலில் கட்டிய சறுக்குப் பலகைகளில் இடது பலகை இடது கோட்டில், வலது பலகை வலது கோட்டில். அவ்வளவுதான் சங்கதி.

எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்களுக்காக அந்த ஊர் நடத்திய இலவச வகுப்பு அது. எல்லாரும் விழுந்தார்கள். ஆனால் கோட்டுக்குள் விழுந்தார்கள். நான் மட்டும் நாலு எட்டு வைத்ததும் கோட்டை விட்டு ஏறி, இரண்டுக்கும் நடுவிலிருந்த மேட்டை உழப்பிக்கொண்டு போனேன். எனக்குப் பின்னால் வந்தவர் நான் கலைத்த இடத்தில் தடுக்கிக் குப்புற விழுந்தார். நல்ல மனிதர். எழுந்து என்னிடமே மன்னிப்புக் கேட்டார்.

போன வாரம் இந்தப் பத்தியில், விமானத்தில் ஊறுகாய் பாட்டிலோடு நான் பட்ட பாட்டைப் படித்துவிட்டு, ‘பெரம்பலூர்க்காரருக்குப் பனிச்சறுக்கு எதற்கு?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இது கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மலை உச்சியிலிருந்து பாய்கிற சமாசாரம் இல்லை. சமதரையில் பலகை கட்டிக்கொண்டு போவது. அங்கே கிழவர்கள்கூட இப்படித்தான் கடைக்குப் போகிறார்கள்.

ஒரு பனிக்காலம்

என் மனைவி வளர்மதிக்கு மீன்சுருட்டிப் பக்கம். நர்ஸ் படிப்பு. எனக்குச் செட்டிகுளத்தை ஒட்டிய கிராமம். பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை, ஊரில் கொஞ்சம் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். எங்களுக்குக் குழந்தை இல்லை. விசேஷத்துக்குப் போன இடத்திலெல்லாம் அவள் காதில் விழுந்த கேள்வி என் காதில் விழுந்ததில்லை. ஆம்பளையிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. ஒருநாள், பின்லாந்தில் முதியோர் இல்லத்து வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றாள். ‘போயிட்டு வா’ என்றேன். போனாள். அப்புறம் எங்கள் குடித்தனம் போனில் நடந்தது.

கொரோனாவுக்கு முந்தைய ஒரு வருஷம் அவள் கேட்டாள்.

“ஒரே ஒரு பனிக்காலம் வந்து இருந்து பாருங்க. புடிச்சா இருங்க. புடிக்கலன்னா போயிடுங்க, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.”

கடையைப் பங்காளி கணேசனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். ‘பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்கப் போறான்’ என்று டீக்கடையில் பேச்சு. அப்படிப் பேசியவர்களே எனக்குக் குளிர் தாங்கும் பனியன் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அங்கே போனால் பகல் என்பதே காணோம். வளர்மதி டியூட்டிக்குப் போய்விடுவாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓடாத மோட்டார் ஏதாவது இந்த ஊரில் இருக்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாம் ஓடின. கைக்கு வேலை இல்லாமல் நான் கரைந்து போவதைப் பார்த்துத்தான் அவள் அந்த வகுப்பில் என் பெயரைக் கொடுத்தாள்.

மேட்டில் கால் வை

ஏன் தடத்தை விட்டு ஏறினேன் என்பதைச் சொல்ல, செட்டிகுளத்துக்குத் திரும்ப வேண்டும்.

மக்காச்சோளத்தை உதிர்த்ததும் ரோட்டோரம் பரப்பிக் காயவைப்போம். வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கல் வைப்போம். வெயில் ஏற ஏற, அதைத் துழாவிவிட வேண்டும். கையால் இல்லை, காலால். செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தைத் தூக்காமல் சோளத்துக்குள் தேய்த்தபடியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்போம். நடந்த இடத்தில் இரண்டு பள்ளம் விழும். நடுவில் ஒரு மேடு நிற்கும்.

திரும்பி வரும்போது அந்தப் பள்ளத்தில் கால் வைக்கக் கூடாது. மேட்டில் வைக்க வேண்டும். மேடு உடைந்து பள்ளமாகும், பழைய பள்ளம் மூடி மேடாகும், அடியில் இருந்த ஈரச் சோளம் மேலே வரும். போன தடத்திலேயே திரும்பத் திரும்பப் போகிறவனை எங்கள் ஊரில் சோம்பேறி என்பார்கள். நடுவில் கிடப்பது காயாமல் பூஞ்சை பிடித்துவிடும். வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார்.

சின்ன வயதிலிருந்து இதைச் செய்த கால் எனக்கு. பள்ளத்தைப் பார்த்ததும் மேட்டுக்குப் போகும். புத்தி சொல்கிற வரை காத்திருக்காது. பனியில் இரண்டு பள்ளமும் நடுவில் மேடும் தெரிந்தால் அது என்ன செய்யும்? பின்லாந்தைத் துழாவிவிடப் பார்த்தது.

இதை வளர்மதியிடம் சொன்னபோது, அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கவே இல்லை.

“அய்யோ, அவ கிட்ட சொன்னீங்களா இத?”

“எப்பிடிச் சொல்றது? சோளம் காயப்போடுறதுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

“உங்க ஊருக்குத்தான் ரயிலே கெடையாதே. தண்டவாளம்னா என்னன்னு தெரிஞ்சாத்தான அதுல போவீங்க?”

நர்ஸ் படிக்கும்போது அரியலூரில் ரயிலேறித் திருச்சி போய் வந்தவள் என்கிற திமிர் அவளுக்கு எப்போதும் உண்டு.

அவளுடையதும் நெல் துழாவிய கால்தான். வந்த முதல் பனிக்காலத்திலேயே கூட வேலை செய்கிற பெண்களோடு போய் இதைக் கற்றுக்கொண்டிருந்தாள். ‘பாதத்த தூக்காம போவணும், அவ்ளோதான? நெல்லுல போறாப்புலதான்’ என்று நினைத்துக்கொண்டாளாம், வந்துவிட்டதாம். அதே வேலையிலிருந்து அவள் பயன்படுகிறதை எடுத்துக்கொண்டாள். நான் தடுக்கிவிடுகிறதை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

கம்பு இல்லாமல்

மர்யா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முதல் சில வகுப்புகளுக்கு, ஊன்றித் தள்ளுகிற கம்பையே கையில் கொடுக்கவில்லை. கம்பு இருந்தால் அதில் சாய்ந்துகொள்வோமாம், கால் கற்றுக்கொள்ளாதாம். அப்புறம் ஒரு பலகையையும் கழற்றிவிட்டாள். ஒற்றைக் காலில் பலகை. இன்னொரு காலால் பனியை உதைத்துத் தள்ள வேண்டும். பையன்கள் ஒரு காலால் உந்தி ஓட்டுகிற குட்டி ஸ்கூட்டர் மாதிரி.

ஷூவின் முனை மட்டும் பலகையில் மாட்டிக்கொள்ளும். குதிகால் சும்மா தூக்கும். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். உடம்பின் பாரம் முழுவதையும் ஒரு காலுக்குக் கொடுத்து, அது வழுக்கிப் போய் ஓய்கிற வரை பொறுத்திருந்து, பிறகு மறு காலுக்குக் கொடுக்க வேண்டும். கஷ்டம் இந்தப் பொறுத்திருப்பதில்தான். எல்லாரும் இரண்டு காலிலும் பாதிப் பாதி நிற்கிறோம். அதனால் வழுக்காமல் வெறுமனே நடக்கிறோம். ‘முழுசாகக் கொடு, பாதி கொடுக்காதே’ என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

எனக்கு இன்னொரு தொந்தரவு ஷூ. வகுப்புக்குச் சொந்தமான ஷூக்களின் குதிகாலில் வெள்ளை பெயிண்டால் நம்பர் எழுதியிருப்பார்கள், நம்மூர்க் கல்யாண மண்டபத்துப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பது போல. எந்த நம்பரும் எனக்குச் சேரவில்லை. வெறுங்காலில் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்து கிடக்கும். நீளம் சரியாக இருந்தால் விரல் நசுங்கும். விரலுக்கு இடமிருந்தால் குதிகால் கழன்று வரும். தினமும் வளர்மதியிடம் நம்பர் நம்பராகச் சொல்லிப் புலம்புவேன்.

ஒருநாள் காலை, வகுப்பு முடிகிற நேரம். மர்யா வேறு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். நான் இடது காலால் உதைத்து, பாரத்தை வலது காலுக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அப்படியே நின்றேன். பலகை போனது. நான் ஒன்றும் செய்யாமலே போனது. பனி அரைபடுகிற மெல்லிய சத்தம், மூக்குநுனியில் குளிர், மரங்கள் பின்னால் நகர்கின்றன. எத்தனை தூரம் என்று தெரியாது. ஒரு வீட்டு வாசல் அளவு இருக்கும். ஆனால் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, இந்த ஊர் என்னை வைத்துக்கொள்ளும் போலிருக்கிறதே என்று தோன்றியது.

சமையலறையில் ஒரு வகுப்பு

அன்று வளர்மதி டியூட்டி முடிந்து வந்ததும் செய்து காட்டினேன். காலில் உறை, கீழே வழவழப்பான மரத்தரை, கையில் கம்புக்குப் பதில் இரண்டு கரண்டி. ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

“கைய மாத்துங்க. வலது கால் போவும்போது இடது கை வரணும். நடக்கும்போது எப்பிடி வருது? அப்பிடித்தான்.”

“நடக்கும்போது தானா வருதுடி. நெனச்சா வர மாட்டேங்குது.”

“அப்ப நெனக்காதீங்க.”

என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பாரத்தை மாற்றிக் காட்டினாள். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் சிரித்தோம். நாங்கள் அப்படிச் சிரித்துப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அவள் தலையில் மருந்து வாடையும் தேங்காய் எண்ணெய் வாடையும் சேர்ந்து வந்தது. இருந்துவிடலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை. நான் சொல்லவில்லை. சினிமா பார்த்துக் கெட்டவன். இப்படிப்பட்ட விஷயத்தை அடுப்பு துடைத்துக்கொண்டு சொல்வதா என்று இருந்துவிட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஏரி. பனிக்காலம் முழுக்க உறைந்து கிடக்கும். அதன் மேலேயும் தடம் போட்டிருப்பார்கள். அக்கரையில் ஒரு மரக் குடிசை. ஞாயிற்றுக்கிழமைகளில் காபி கிடைக்கும். ஏரியைக் கடந்து போய் அங்கே உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும் என்பது வளர்மதிக்கு ரொம்ப நாள் ஆசை. தனியாகப் போக அவளுக்கு மனசில்லை. அங்கே வைத்துச் சொல்வது என்று தீர்மானித்தேன்.

அடுத்த நாளே பழைய சாமான் கடைக்குப் போய், ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். கறுப்பு, முன்பக்கம் அகலம், யாரோ நன்றாக உழைத்துப் பழக்கிவிட்ட தோல். போட்டதும் கால் ‘அப்பாடா’ என்றது. திரும்பிப் போகிறவன் எவனாவது பின்லாந்துப் பனிக்கு ஷூ வாங்குவானா? அதையும் அக்கரையில்தான் சொல்ல வேண்டும். அவளிடம், வகுப்பில் கொடுத்தார்கள் என்று சொல்லி வைத்தேன்.

ஏரி

அந்த ஞாயிறு வெயில் அடித்தது. வெயில் என்றால் சூடு கிடையாது, வெளிச்சம் மட்டும். வளர்மதி முன்னால் போனாள், நான் பின்னால். கடைசியில் கம்பும் கையில் வந்திருந்தது. கால் வழுக்க, கை மாற, மூச்சு ஒரு தாளத்தில் வந்தது. தூரத்துக் கரையில் குடிசை தெரிந்தது; புகை கூடத் தெரிந்தது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அதில்தான் கோட்டை விட்டேன். கவனம் வாக்கியத்தில் இருந்தது. கால் தன் பழைய வேலைக்குப் போய்விட்டது. வலது பலகை மேட்டில் ஏறியது. இடது பலகை பள்ளத்திலேயே ஓடியது. முழங்கால் திருகிக்கொள்ள, பக்கவாட்டில் விழுந்தேன்.

சத்தம் கேட்டு வளர்மதி திரும்பி வந்தாள். பலகையைக் கழற்றிவிட்டு என் அருகில் மண்டி போட்டாள். என் ஷூவைப் பலகையிலிருந்து விடுவித்து, ஷூவோடு காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். குதிகாலைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“வீங்கியிருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன பாக்குற?”

“ஒன்னுமில்லங்க.” அவள் மூக்கு சிவந்திருந்தது, குளிர் என்று நினைத்தேன். “எந்திரிக்க முடியுதா பாருங்க. திரும்பிடலாம்.”

“பாதி வந்துட்டோம் வளரு. மெதுவாப் போயிடலாம்.”

“வேண்டாம், முட்டி போயிடும். அடுத்த ஞாயித்துக்கெழம போவோம். ஏரி எங்க போயிடப் போவுது?”

திரும்பினோம். என் பலகைகளையும் அவளே தூக்கிக்கொண்டாள். வழியில் இரண்டு மூன்று தடவை நின்று என் முகத்தைப் பார்த்தாள். வலிக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அந்த வாரம்

அந்த வாரத்திலேயே கணேசன் போன் செய்தான்.

“அண்ணே, பெரியம்மா மோட்டார் கொட்டாய்ல வுழுந்துட்டாங்க. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. தஞ்சாவூர் கொண்டு போறோம். கெளம்பி வாங்க.”

நான் ஒரே பிள்ளை. யோசிக்க ஒன்றும் இல்லை. கிடைத்த விமானத்தில் ஏறினேன். அவசரத்தில் ஷூ கதவோரம் கிடந்தது. அதை எடுத்து என்ன செய்ய? பஸ் நிறுத்தத்தில் வளர்மதி கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் சொல்லவில்லை. அம்மா பிழைப்பாளா என்று தெரியாதபோது வேறு எதைப் பேச வாய் வரும்?

அம்மா பிழைத்தாள். ஆனால் படுக்கையை விட்டு எழவில்லை. திருப்பிப் போட, துடைக்க, ஊட்ட நான்தான். ஒரு வருஷம் போனது. பிறகு கொரோனா வந்தது. பிறகு அம்மா போனாள். அதற்குள் பின்லாந்தில் தங்க எனக்குக் கொடுத்திருந்த அனுமதியும் முடிந்துபோயிருந்தது. மறுபடி விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் வளர்மதி ஒரு தடவைகூட ‘எப்ப வரீங்க’ என்று கேட்கவில்லை. சாப்பிட்டாச்சா, மழை உண்டா, சோளம் என்ன விலை என்று கேட்பாள். நான் இருந்துவிட நினைத்தது அவளுக்குத் தெரியாது, ஊருக்கு ஓடிவிட்டவன் என்றே முடிவு கட்டிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன். தெரியாதவளிடம் இத்தனை காலம் கழித்து எங்கிருந்து தொடங்குவது? நாளாக ஆக, சொல்வதற்கே வெட்கமாகப் போனது.

யார் மேலும் குற்றம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு வருத்தமும் இல்லை. அக்கரைக்குப் போய்த்தான் சொல்வேன் என்று ஒரு வார்த்தையை மடியில் கட்டி வைத்திருந்தேனே, அந்த வருத்தம்தான் இன்றுவரை தீரவில்லை.

இந்த மாசம்

வளர்மதி இப்போது லீவில் வந்திருக்கிறாள். முன்தலையில் நரை. நேற்று ரோட்டோரம் சோளம் கிடந்தது. நான் துழாவிக்கொண்டிருந்தேன். அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். கொஞ்ச நேரம் எனக்குப் பின்னால் வந்தவள் நின்றுவிட்டாள்.

“என்னங்க இது? ஒரே தடத்துல போயிட்டு ஒரே தடத்துல வரீங்க. நடுவுல கெடக்குறது எப்பிடிக் காயும்?”

குனிந்து பார்த்தேன். இரண்டு நேர் கோடுகள். நடுவில் மேடு அப்படியே கிடந்தது. எத்தனை நாளாக இப்படிச் செய்கிறேனோ தெரியவில்லை.

சொல்லிவிட்டேன். ரோட்டில் ஒரு லாரி போய் அதன் புழுதி அடங்கட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை.

“வளரு, அன்னைக்கு அந்த ஏரிக்கு அக்கரையில வெச்சு உன்கிட்ட ஒன்னு சொல்லணும்னு இருந்தேன்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஷூவுல நம்பர் இல்ல.”

நான் துழாவுவதை நிறுத்தினேன். அவள் காலால் சோளத்தைத் தள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“உங்க கால மடியில வெச்சுப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. சொந்தமா வாங்கியிருக்காரு, இருந்துருவாருன்னு. நீங்களா சொல்லுவீங்கன்னு வூட்டுக்கு வர வரைக்கும் மொகத்தப் பாத்துக்கிட்டே வந்தேன். ஊருக்குப் போனப்புறமும் அந்த ஷூவ எடுக்கல. உள்ள பேப்பர் திணிச்சு, கதவு பக்கத்துலயே வெச்சிருந்தேன்.”

“எத்தன நாளு?”

“நாளா? மூணு பனிக்காலம்.”

“கேட்டிருக்கலாமே வளரு, எப்ப வரீங்கன்னு.”

“அத்த படுக்கையில கெடக்கும்போது அத எப்பிடிங்க கேக்குறது?”

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பாதத்துக்கடியில் சோளம் சுட்டது.

“இப்ப எங்க இருக்கு?”

“குடுத்துட்டேங்க. மர்யா கூப்பிட்டு, வகுப்புக்குப் புதுசா ஒருத்தரு வந்திருக்காரு, எந்த ஷூவும் சேரல, பாதம் அகலம்னு சொன்னா. கொண்டு போயி குடுத்துட்டு வந்தேன்.”

கோடி வரை போய்த் திரும்பினாள். வரும்போது மேட்டில் கால் வைத்து வந்தாள். அடியில் கிடந்த ஈரச் சோளம் மேலே வந்தது. எனக்கு நேராக வந்ததும் கேட்டேன்.

“அவருக்குச் சேந்துச்சா?”

“சேந்துச்சுங்க” என்றாள். “அக்கரைக்குப் போயிட்டு வந்தாராம்.”